நான்கு லிட்டர் தண்ணீர் எங்கே போகும்? மழைக்கால டிரையர் ஒப்பீடு

ஏழு கிலோ துணியைத் துவைத்து, நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் பிழிந்து எடுத்தால் ஒரு சொட்டுகூட வடியாது. ஆனாலும் அந்த மூட்டைக்குள் சுமார் நான்கு லிட்டர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கொடி அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது அந்த நான்கு லிட்டரை எங்கே அனுப்புவது? கடையில் நிற்கும் ஒவ்வொரு டிரையரும் இந்தக் கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில் சொல்கிறது. நீராவி, மொபைல் ஆப், பதினாறு புரோகிராம் என்று விற்பனையாளர் அடுக்குவதை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பதிலை மட்டும் கேட்டால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் இரண்டாவது தொட்டியை நம் வீடுகளில் ‘டிரையர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது பிழியும் தொட்டி. சுழற்றித் தண்ணீரை உதறுமே தவிர உலர்த்தாது. இங்கே டிரையர் என்பது சூடான காற்றைச் செலுத்தித் துணியை முழுக்கக் காயவைக்கும் தனி இயந்திரம்.

அதற்காகப் பிழிவதை இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. ஏழு கிலோ துணியை 700 சுற்றில் பிழியும் டாப் லோடு மெஷின் ஐந்தரை லிட்டர் வரை தண்ணீரை விட்டுவைக்கும். 1,400 சுற்றில் பிழியும் ஃப்ரன்ட் லோடு மெஷின் சுமார் மூன்றரை லிட்டரோடு நிறுத்தும். இடையில் உள்ள இரண்டு லிட்டரை ஹீட்டர் வைத்த டிரையரில் ஆவியாக்க ஏறத்தாழ இரண்டு யூனிட் மின்சாரம் போகும். பிழியும் மோட்டாருக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. எந்த டிரையர் வாங்கினாலும், வாங்காவிட்டாலும், மழைக்காலத்தில் கடைசியில் இன்னொரு முறை ‘ஸ்பின்’ மட்டும் ஓட்டுவதுதான் இருப்பதிலேயே மலிவான உலர்த்தல்.

வாங்காமலே சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் பெரும்பாலானோர் செய்யும் விதத்தில் அல்ல. படுக்கையறையில் ஸ்டாண்டை விரித்து, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைச் சுழலவிட்டுத் தூங்கப் போவது வழக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே 34 கனமீட்டர் காற்று இருக்கிறது. 28 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத் தாங்கும். வெளியே ஏற்கெனவே ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அந்த அறைக் காற்று இன்னும் 180 கிராம் வாங்கியதும் நிரம்பிவிடும். நம்மிடம் இருப்பதோ 4,000 கிராம். மீதி எங்கே போகும்? சுவருக்கும், மெத்தைக்கும், பீரோவின் பின்பக்கத்துக்கும். தை மாதத்தில் பீரோவை நகர்த்தும்போது தெரியும் கறுப்புப் பூஞ்சை இப்படி வந்ததுதான்.

ஆகவே மின்விசிறி மட்டும் போதாது, காற்று வெளியேற வழி வேண்டும். எதிரெதிராக இரண்டு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அல்லது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். துணிகளுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி விட்டு, ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்புப் பட்டியில் இரண்டு கிளிப் போட்டு உருளை மாதிரி விரித்துத் தொங்கவிட்டால் இரவுக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி விசிறி எட்டு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்தான்.

அடைத்த அறைக்கு ஏற்றது ஈரப்பதம் நீக்கும் கருவி, அதாவது டிஹ்யூமிடிஃபையர். 300 வாட் அளவில் ஓடும் கருவி சிறிய அறையில் அந்த நான்கு லிட்டரை ஏழெட்டு மணி நேரத்தில் தன் தொட்டியில் பிடித்துவிடும். செலவு இரண்டு முதல் இரண்டரை யூனிட். இங்கே ஜன்னல், கதவு இரண்டும் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்தால் ஊரில் உள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்தால் கருவி தானாக நின்றுவிடும், துணி நள்ளிரவிலேயே பாதி ஈரத்தோடு நின்றுபோகும். ஆகவே வடிகால் குழாய் மாட்டும் வசதி உள்ளதாகப் பார்க்க வேண்டும். துணியோடு சுவரும் பீரோவும் சேர்ந்து உலர்வது இதன் தனி லாபம். வாடகை வீட்டுக்காரர்கள் டிரையருக்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இன்னொரு பொருள் உண்டு: துணியால் ஆன அலமாரி, கீழே சூடான காற்றை ஊதும் சிறு ஹீட்டர். ஈரத் துணி மேலே, ஹீட்டர் கீழே, சுற்றிலும் பாலியெஸ்டர் திரை. நழுவி விழும் ஒரு கைக்குட்டை காற்று வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.

வென்ட் டிரையர்: தண்ணீரை வெளியே ஊதுவது

டிரையர்களில் பழையதும் எளியதும் இதுதான். அறைக் காற்றை இழுத்து, 2,000 வாட் அளவுள்ள ஹீட்டரில் சுடவைத்து, சுழலும் டிரம்முக்குள் செலுத்தி, ஈரத்தோடு சேர்த்து நான்கு அங்குலக் குழாய் வழியே வெளியே தள்ளும். ஏழு கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், சுமார் நான்கு யூனிட். உள்ளே ஒரு மோட்டார், பெல்ட், ஹீட்டர், சூட்டைக் கட்டுப்படுத்தும் இரண்டு மூன்று தெர்மோஸ்டாட், அவ்வளவுதான். பழுது வந்தால் பார்ப்பது சுலபம். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு.

சிக்கலெல்லாம் குழாயில். வெளிச்சுவர் ஒட்டிய யூட்டிலிட்டி (துணி துவைக்கும் சிறு இடம்) இல்லாத ஃபிளாட்டில் இதை வாங்குவது வீண். குழாயை அறைக்குள்ளேயே விட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. நான்கு லிட்டர் நீராவியும் துணியிலிருந்து உதிரும் பஞ்சும் வீட்டுக்குள்ளேயே சுற்றும், முன்பு சொன்ன பூஞ்சைக் கதைதான். சமையலறைச் சிம்னிக் குழாயோடு இணைப்பது அதைவிட மோசம், அங்கே எண்ணெய்ப் பிசுக்கு காத்திருக்கிறது. கட்டடத்தின் பைப் ஷாஃப்டில் விடுவதும் கூடாது. கீழ்வீட்டுக் குளியலறை ஜன்னல் அங்கேதான் திறக்கும்.

குழாய் எப்படி இருக்க வேண்டும்? அலுமினியம், முடிந்தால் விறைப்பானது. பிளாஸ்டிக் சுருள் குழாய் மலிவு, ஆனால் அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் பஞ்சு தங்கும், தீப்பிடித்தால் குழாயும் சேர்ந்து எரியும். நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அமெரிக்கக் கட்டட விதிகள் ஒவ்வொரு 90 டிகிரி வளைவையும் ஐந்தடி நேர்க்குழாய்க்குச் சமமாகக் கணக்கிடுகின்றன. ஆகவே இரண்டு வளைவு போட்டாலே பத்தடி கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளில் ஸ்க்ரூ போடக் கூடாது, உள்ளே நீட்டும் முனையில் பஞ்சு மாட்டும். அலுமினிய டேப்பும் கிளாம்பும் போதும். வெளிமுனையில் புறா வராமல் இருக்க வலை அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அதைச் செய்யாதீர்கள். ஒரு மாதத்தில் வலை முழுக்கப் பஞ்சு அப்பி அடைத்துவிடும். காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் மூடி போட்ட முகப்பு தனியாகக் கிடைக்கிறது. சுவரை உடைக்க முடியாதவர்கள் ஜன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஏசிபி ஷீட் (அலுமினியம் ஒட்டிய பலகை) வெட்டி அதில் துளை போட்டுக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். யூட்டிலிட்டியிலோ பக்கத்துக் குளியலறையிலோ கேஸ் கீசர் இருந்து, ஜன்னல்களும் மூடியிருந்தால், டிரையரின் உறிஞ்சலில் கீசரின் புகை வெளியேறாமல் வீட்டுக்குள் திரும்பலாம். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். டிரையர் ஓடும்போது ஒரு ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

கண்டென்சர்: இரண்டுங்கெட்டான்

இதற்கு வெளிக்குழாய் வேண்டாம். சூடான ஈரக் காற்றை அறைக் காற்றால் குளிரவைத்து, தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹீட்டர் அதே 2,000 வாட்டுக்கு மேல், மின்செலவு வென்ட் வகைக்குக் குறையாது, அந்த வெப்பம் முழுக்க உங்கள் அறையிலேயே இறங்கும். கதவு சாத்திய சிறு யூட்டிலிட்டியில் அரைமணி நேரத்தில் அறை கொதிக்கும். அறை சூடானால் குளிரவைக்கும் வேலையும் மந்தமாகும், நேரம் நீளும். விலையோ வென்ட்டைவிட அதிகம், ஹீட் பம்ப்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பாதி விலைக்கு மேல் தள்ளுபடி கிடைத்தாலொழிய இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் தெரியவில்லை.

ஹீட் பம்ப்: வெப்பத்தை வீணாக்காதது

ஏசியும் ஃப்ரிட்ஜும் வேலை செய்யும் அதே தத்துவம். கம்ப்ரசர் ஒரு பக்கம் காற்றைக் குளிரவைத்துத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும், எடுத்த வெப்பத்தை மறுபக்கம் அதே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். ஒரே காற்று உள்ளேயே சுற்றுகிறது. ஏழு கிலோவுக்குச் சுமார் 1.8 யூனிட் போதும், வென்ட் வகையில் பாதிக்கும் குறைவு. காற்றின் சூடும் 50 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், துணிக்கும் நல்லது, தீ அபாயமும் குறைவு. பதிலுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் பொறுக்க வேண்டும். அறை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் இது திணறும் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் நமக்கு டிரையர் தேவைப்படுவது 25 டிகிரி மழைநாளில்.

2025 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் வீட்டு டிரையர்கள் ஹீட் பம்ப் வகையாகவே இருக்க வேண்டிய அளவுக்கு மின்திறன் விதிகள் இறுகிவிட்டன. இதைக் காட்டி இங்கும் அதையே வாங்கச் சொல்கிறார்கள். அங்கே கணக்கு வேறு. குளிர்நாட்டில் ஆண்டு முழுவதும் டிரையர் ஓடும். நம் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

மழைக்கு மட்டும் என்றால் மூன்று மாதம், வாரம் மூன்று நான்கு முறை, மொத்தம் 45 முறை. வென்ட் வகையைவிட ஒவ்வொரு முறையும் மிச்சம் 2.2 யூனிட். ஆண்டுக்கு நூறு யூனிட். தமிழ்நாட்டு இருமாத மின் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு அடுத்த யூனிட் எட்டு ரூபாய்க்குக் குறையாது, 500ஐத் தாண்டியதும் கீழ் அடுக்குகளின் கட்டணமும் ஏறும். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் மிச்சம் 900 ரூபாய்தான். விலை வித்தியாசம் 30,000 ரூபாய் என்றால் அதை மீட்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். மெஷின் அவ்வளவு காலம் இருக்காது.

கைக்குழந்தை, படுத்த படுக்கையான முதியவர், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு, கொடி கட்ட இடமே இல்லாத ஃபிளாட் என்று ஆண்டு முழுவதும் வாரம் ஆறு முறை ஓட்டுவீர்கள் என்றால் மிச்சம் ஏறத்தாழ 690 யூனிட், அதாவது சுமார் 6,200 ரூபாய். ஐந்தாண்டில் கூடுதல் விலை திரும்பிவிடும். ஆக, மின்சாரத்தை மட்டும் காரணம் காட்டி மழைக்காலக் குடும்பம் ஹீட் பம்ப் வாங்க வேண்டியதில்லை. வெளிச்சுவர் இல்லை என்ற காரணத்துக்காக வாங்கலாம். அது நியாயமான காரணம்.

வாங்கினால் சில கவனங்கள். லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே ஓட்டக் கூடாது. கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்க, கையேட்டில் சொன்ன நேரம் வரை நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் கவலையே இல்லை. புதிய மாடல்கள் பலவற்றில் ஆர்-290 வாயு உள்ளது, அது புரொபேன், தீப்பிடிக்கக் கூடியது. அளவு சிறிதுதான், குழாய் சேதமாகாதவரை பயமில்லை. ஆனால் ஸ்டாண்டு பொருத்துகிறேன் என்று உடம்பில் துளை போடுவதோ, தெருமுனை ஏசி மெக்கானிக்கிடம் வெல்டிங் வைக்கச் சொல்வதோ கூடாது.

தொட்டியில் சேரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். அதை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்பது பலருக்கும் வரும் யோசனை. வேண்டாம். அதில் நூல்தூசும் சோப்பின் மிச்சமும் கலந்திருக்கும், பேட்டரித் தகடு கெடும். வீடு துடைக்கவும், கழிப்பறைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வாஷர்-டிரையர்: இடம் மிச்சம், நேரம் செலவு

ஒரே மெஷினில் துவைத்து உலர்த்துவது. எட்டு கிலோ துவைக்கும் மெஷின் ஐந்து கிலோதான் உலர்த்தும். இதைச் சரியாகப் படிக்காமல் வாங்கி, எட்டு கிலோவையும் போட்டுவிட்டு ‘காயவே இல்லை’ என்று சொல்பவர்கள்தான் அதிகம். துவைத்ததும் பாதியை எடுத்து வெளியே வைத்தே ஆக வேண்டும். துவைக்கவும் உலர்த்தவும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம். பல மாடல்களில் ஆவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரையே ஓடவிடுகிறார்கள். உலர்த்துவதற்கே பல குடம் தண்ணீர் போகும் என்றால், லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்குமாடிக்கு அது பெரிய செலவு. வாங்கும் முன் ‘உலர்த்தும்போது தண்ணீர் எடுக்குமா’ என்று கேளுங்கள்.

பஞ்சு வடிகட்டி தனியாக இல்லாத மாடல்களில் பஞ்சு கதவு ரப்பரிலும், உள்ளே காற்று போகும் குழாயிலும் ஒட்டும். ஒவ்வொரு முறை உலர்த்திய பிறகும் ரப்பர் மடிப்பைத் துடைத்து, துணியே இல்லாமல் ஒரு தடவை அலசல் ஓட்ட வேண்டும். ஒன்று பழுதானால் இரண்டும் நின்றுவிடும். மழைக்காலத்தில் துவைக்கவும் வழியில்லாமல் போவது சிறு தொல்லையல்ல.

எந்த வகையானாலும்: பஞ்சும் எண்ணெயும்

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2008–2010 கணக்கின்படி அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 டிரையர் தீ விபத்துகள் நடந்தன. முதல் காரணம், 34 சதவீதம், சுத்தம் செய்யாதது. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 2016 ஆகஸ்டில் 18 மாடிக் குடியிருப்பில் பிடித்த தீ, பழுதான ஒரு டிரையரில் தொடங்கியது. பஞ்சு என்பது உலர்ந்த நூல்தூசு. விளக்குத்திரியை உதிர்த்துப் போட்டது போலத்தான். ஹீட்டர் பக்கத்தில் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை போதாது. கையால் வழித்து எடுத்த பிறகும் வலையில் கண்ணுக்குத் தெரியாத படலம் இருக்கும். துணி மென்மையாக்கும் திரவம் பயன்படுத்தும் வீடுகளில் இது அதிகம். சோதிக்கச் சுலபமான வழி: வடிகட்டியைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் வலை வழியே இறங்காமல் தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் தேங்குகிறது. சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் கொண்டு தேய்த்து, முழுக்க உலரவைத்து மாட்டுங்கள். வலை கிழிந்திருந்தால் புதியது வாங்கும்வரை ஓட்டாதீர்கள்.

ஹீட் பம்ப்பில் வடிகட்டி இரண்டு அடுக்கு. அதற்குப் பின்னால் ஏசியில் இருப்பது போன்ற மெல்லிய அலுமினியத் தகடுகள் உண்டு. மாதம் ஒருமுறை கீழ்க்கதவைத் திறந்து, தகடுகள் போகும் திசையிலேயே மென்மையான பிரஷால் பஞ்சை எடுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் தகடு மடங்கும், விரலும் அறுபடும். ‘தானே சுத்தம் செய்துகொள்ளும்’ மாடல்களில் இந்தக் கதவே இருக்காது. வசதிதான், ஆனால் உள்ளே அடைத்தால் மெக்கானிக் வந்துதான் பிரிக்க வேண்டும். திறக்க முடிகிற மாடலே எங்கள் விருப்பம்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம், இது நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து. தீபாவளி எண்ணெய்க் குளியல் சரியாக வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது. நல்லெண்ணெய் துடைத்த துண்டுகள், சமையலறைக் கைப்பிடித் துணிகள் எல்லாம் டிரையருக்குப் போகும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை விடும். மர வேலையில் பயன்படும் ஆளிவிதை எண்ணெய் இதில் எல்லாவற்றையும்விட மூர்க்கம். தேங்காய் எண்ணெய் ஓரளவு சாது. டிரையரிலிருந்து சூடாக எடுத்த எண்ணெய்த் துண்டுகளைக் கூடையில் குவித்து வைத்தால் நடுவில் உள்ள சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏற வினை வேகமாகும், வினை வேகமாகச் சூடு ஏறும். சில மணி நேரம் கழித்து, மெஷின் அணைந்து, வீடே தூங்கும்போது கூடை புகையும். ஒரு முறை துவைத்தால் எண்ணெய் முழுக்கப் போய்விடாது. மணம் இருந்தாலே மிச்சம் இருக்கிறது என்று பொருள். எண்ணெய்த் துண்டுகளுக்குக் கொடிதான். பெட்ரோல், தின்னர், சானிட்டைசர் பட்ட துணிகளுக்கும் அதே விதி. ரப்பர் அடி மிதியடி, நுரைப் பஞ்சு வைத்த உள்ளாடை, லைட்டர் மறந்த சட்டைப் பை ஆகியவையும் டிரம்முக்குள் போகக் கூடாது.

இதே காரணத்தால்தான் பெரும்பாலான டிரையர்கள் கடைசிச் சில நிமிடம் சூடில்லாமல் சுழல்கின்றன. அவசரத்தில் அதை இடையில் நிறுத்தாதீர்கள். மழையில் மின்சாரம் போனால் துணி சூடாக டிரம்முக்குள் அடைந்து கிடக்கும். கதவைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து, தரையிலோ கட்டிலிலோ பரப்பிவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஹீட்டர் டிரையரைத் தாங்காது, முயலவும் வேண்டாம். தூங்கும்போதோ வெளியே போகும்போதோ ஓடவிடாதீர்கள். குழந்தை உள்ள வீட்டில் கதவைச் சாத்தும் முன் உள்ளே ஒரு பார்வை பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

மின் இணைப்பில் சிக்கனம் ஆகாது. 2,000 முதல் 2,500 வாட் என்றால் ஒன்பது முதல் பதினோரு ஆம்ப்ஸ் வரை மணிக்கணக்கில் ஓடும். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸிலிருந்து தனி லைன், 2.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாத செம்பு ஒயர், 16 ஆம்ப்ஸ் பிளக், சுமை மீறினால் துண்டிக்கும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, நல்ல எர்த் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. வாஷிங் மெஷினையும் டிரையரையும் ஒரே பாயிண்ட்டில் மாட்டினால் இரண்டு ஹீட்டரும் சேரும்போது சுமை பதினெட்டு ஆம்ப்ஸ் தாண்டும். ஓட்டி முடித்ததும் பிளக் பின்னைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது.

கோளாறு பேசும் மொழி

டிரம் சுற்றுகிறது, சூடு இல்லை. வென்ட் டிரையரில் இது பெரும்பாலும், சூடு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போனதன் அறிகுறி. அது தானாகப் போகாது, குழாயோ வடிகட்டியோ அடைத்ததால் உள்ளே சூடு எல்லை மீறியிருக்கும். அடைப்பை எடுக்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். ‘ஃபியூஸ் கிடைக்கவில்லை, ஒயர் வைத்து இணைத்துத் தருகிறேன்’ என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். தீயைத் தடுக்க இருக்கும் கடைசிக் காவல் அது.

துணி ஈரமாக இருக்கும்போதே மெஷின் ‘முடிந்தது’ என்கிறதா? டிரம் வாயில் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத் துணி அவற்றைத் தொட்டால் சிறு மின்னோட்டம் பாயும், அதை வைத்துத்தான் ஈரம் அறிகிறது. போர் தண்ணீரின் உப்பும் துணி மென்மையாக்கியின் படலமும் பட்டையை மூடினால் மின்னோட்டம் பாயாது, துணி காய்ந்துவிட்டது என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஐந்தே துணி போட்டாலும் இதே கோளாறு வரும், துணி பட்டையைத் தொடுவதில்லை. அளவு பாதி டிரம்முக்கு மேல், முக்கால் டிரம்முக்குக் கீழ் இருக்கட்டும். படுக்கை விரிப்போடு சிறு துணிகளைப் போட்டால் விரிப்பு மூட்டையாகச் சுருட்டி விழுங்கிவிடும். நடுவில் ஒருமுறை நிறுத்தி உதறிவிடுங்கள்.

வழக்கத்தைவிட அரைமணி நேரம் கூடுதலாக ஓடுவதும், மெஷினின் மேல்பகுதி தொட முடியாத சூடாவதும், கருகல் வாசமும் ஒரே நோயின் மூன்று கட்டங்கள்: காற்று அடைபட்டிருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், கதவைத் திறக்கக் கூடாது. காற்று புகுந்தால் கனல் தீயாகும்.

பட்டும், சரிகையும், கஞ்சி போட்ட வேட்டியும், லைக்ரா கலந்த லெகிங்ஸும் எந்த டிரையருக்கும் வேண்டாம். சட்டைக் காலர் லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் போடலாம். ஒரு புள்ளி குறைந்த சூடு, இரண்டு புள்ளி வழக்கமான சூடு, குறுக்கே கோடு என்றால் கூடாது.

பொருத்தும் இடமும் முக்கியம். டாப் லோடு மெஷின் மேல் டிரையரை ஏற்ற முடியாது, ஃப்ரன்ட் லோடு மேல் ஏற்றினாலும் அதே நிறுவனத்தின் இணைப்புக் கிட் போட வேண்டும். திறந்த பால்கனியில் சாரல் படும் இடம் ஆகாது. கடற்கரை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று தகடுகளை அரிக்கும், ஆகவே உள்ளறையே நல்லது.

வென்ட் டிரையர் பொருத்தி முடித்து முதல்முறை ஓட்டும்போது வீட்டுக்கு வெளியே போய்க் குழாய் முகப்பின் முன் கையை நீட்டிப் பாருங்கள். மூடி நன்றாகத் தூக்கி, ஈரக் காற்று உள்ளங்கையில் பலமாக மோத வேண்டும். அந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே கையை நீட்டுங்கள். மூடி தயங்கித் தயங்கித் திறந்தால், அன்றே குழாயைக் கழற்றிப் பஞ்சை உருவி எடுத்துவிட்டு அடுத்த துணியைப் போடுங்கள்.